கம்பளை உப்புக் கொட்டகையும் சேரின் கொம்பியூட்டரும்

மழை வரப்போகிறது என்று முதலில் சொல்கிறவர்கள் கையில் குடை வைத்திருப்பார்கள். எங்கள் சேர் எல்லாருக்கும் முன்னால் சொல்வார். பிறகு எல்லாரையும்விட அதிகமாக நனைந்துகொண்டு வருவார். "சொன்னனான் தானே பிள்ளை" என்று சட்டையைப் பிழிந்தபடி சிரிப்பார். குடை எங்கே என்று கேட்டால், மழை எந்தப் பக்கத்திலிருந்து பிடிக்கும் என்று யோசித்ததில் குடையை மறந்துவிட்டதாகச் சொல்வார். அந்த மனிதரைப் பற்றி இவ்வளவு சொன்னால் போதும், மற்றதெல்லாம் இதே கதைதான் என்பார் என் வீட்டுக்காரர். போதாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் அப்போது கண்டிக்கு வெளியே ஒரு சப்பாத்துத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கிளார்க். கம்பளையில் வீடு. காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் போகிறவள். சேர் அங்கே திட்டமிடல் பிரிவுக்குப் பொறுப்பாக வந்த பொறியியலாளர். யாழ்ப்பாணத்துக்காரர். பேராதனையில் படிக்க வந்தவர். படித்து முடித்த நேரம் சண்டையால் ஊருக்குப் போகிற பாதை மூடிக் கிடந்ததால் இந்தப் பக்கமே தங்கிவிட்டார். மெலிந்த ஆள், இடுப்பில் நிற்காத காற்சட்டை. பேசும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்க மாட்டார். பின்னால் இருக்கிற சுவரைப் பார்ப்பார், அங்கே ஏதோ படம் ஓடுகிற மாதிரி. அவர் வந்த புதிதில் நான் எத்தனையோ தடவை திரும்பித் திரும்பிச் சுவரைப் பார்த்திருக்கிறேன்.

சப்பாத்துக்குத் தோல் வருகிற வழியைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் விளங்கும். கம்பளை, அக்குறணை, மாவனல்லைப் பக்கத்து மாடறுக்கும் மடுவங்களிலிருந்து பச்சைத் தோல் கம்பளையில் இருந்த எங்கள் உப்புக் கொட்டகைக்கு வரும். பச்சைத் தோலும் மீன் மாதிரித்தான். அன்றைக்கே உப்புப் போடாவிட்டால் கெட்டுப்போகும். உப்பேறிய தோலை லொறி கொழும்புப் பக்கத்தில் பதனிடும் இடத்துக்குக் கொண்டுபோகும். திரும்பும்போது அதே லொறி அடுத்த தடவைக்கு வேண்டிய உப்பு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வரும். பதனிட்ட தோல் பிறகு எங்களிடம் வந்து சப்பாத்தாகும். கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. நடந்தது அப்படியில்லை. தோல் வந்தால் உப்பு இருக்காது. உப்பு இருந்தால் லொறி இருக்காது. லொறி இருந்தால் சாரதி சொந்தக்காரர் கலியாணத்துக்குப் போயிருப்பார்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று கொழும்புத் தலைமைக் கந்தோரில் ஒரு பேச்சு இருந்தது. கொட்டகையை இழுத்து மூடிவிட்டு, பதனிட்ட தோலை இந்தியாவிலிருந்து கப்பலில் இறக்கினால் ஆயிற்று என்றார்கள். கொட்டகை போனால் அதோடு ஒட்டியிருந்த லயத்துக் காம்பராக்களும் போகும். உப்புப் போடுகிற சனம் அதில்தான் குடியிருந்தது. முக்கால்வாசிப் பேர் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களில் வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டுப்பட்டு இறங்கி வந்தவர்கள். தோல் வேலை செய்கிறவர்களுக்குக் கம்பளை டவுனில் யாரும் அறை கொடுக்க மாட்டார்கள். நாற்றம் என்பார்கள். நாற்றம் மட்டும்தானா காரணம் என்பது கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும்.

கொட்டகையைக் காப்பாற்றுவதற்காகத்தான் சேர் கொம்பியூட்டரைப் பிடித்தார். தோல் வருகிற வழியைச் சீராக்கிக் காட்டிவிட்டால் மூடுகிற பேச்சு அடங்கிவிடும் என்று மேலிடத்துக்குச் சொன்னார். அவர்களும், சரி, செய்து காட்டும் என்றார்கள். கொட்டகையில் மூத்தவளான பாக்கியம் அக்காவிடம் நான்தான் இதைப் போய்ச் சொன்னேன். உப்புப் பட்டு வெடித்த கையைச் சேலையில் துடைத்தபடி, "அந்த ஐயாவ நல்லா சாப்பிடச் சொல்லு புள்ள, ரொம்ப எளச்சிருக்காரு" என்றார். அவருக்கு விளங்கியது அவ்வளவுதான். சேர் மெலிவுதான் என்பதால் நானும் மறுக்கவில்லை.

கணக்குப் பிரிவின் மூலையில் கண்ணாடி போட்டு அடைத்த குளிர் அறையில் கொம்பியூட்டர் இருந்தது. செருப்பு, சப்பாத்து எதுவானாலும் வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தூசு ஆகாதாம். சப்பாத்துச் செய்கிற இடத்தில் சப்பாத்துக்கு அனுமதியில்லாத ஒரே அறை அது. சேர் மாதக்கணக்கில் அங்கே குந்தியிருந்து தன் ஓட்டத்தை எழுதினார். சிமியுலேஷன் என்று அவர் சொல்வார். எங்களுக்கு அது 'சேரின் ஓட்டம்'. திரையில் கட்டம் கட்டமாக இருக்கும். மடுவம் ஒரு கட்டம், கொட்டகை ஒரு கட்டம், லொறி ஒரு சின்னக் கட்டம். ஒவ்வொரு தோலும் ஒரு புள்ளி. புள்ளிகள் அம்புக்குறி போட்ட வழியாக ஒரு கட்டத்திலிருந்து மற்றதற்கு ஊர்ந்து போகும். நேரத்துக்கு உப்புக் கிடைக்காத புள்ளி பெருக்கல் குறியாக மாறிவிடும். அது கெட்டுப்போன தோல். ஒரு வருசத்தில் நடக்கப் போவதை அந்தப் பெட்டி தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் நடத்திக் காட்டும். பியோன்மார்கூடக் கண்ணாடிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

ஓட்டம் முடிந்ததும் சேர் கதிரையில் சாய்ந்துகொண்டு, "இப்ப நாங்கள் இதைக் கண்டிட்டம் என்ன? இனி இது நடக்காது" என்பார்.

அந்த நம்பிக்கைதான் அவர். மற்ற மனிதர்களுக்குச் சாமி, சாத்திரம், கட்சி என்று ஏதோ ஒன்று இருக்கும், அவருக்கு இது. ஒரு கெட்ட காரியம் முன்கூட்டியே கண்ணுக்குத் தெரிந்துவிட்டால், கண்டவர்கள் அதை நடக்க விடமாட்டார்கள் என்று மனதார நம்பினார். படித்த மனிதர், தலையில் நரை விழுந்தவர், அதுவும் அந்த வருடங்களில் இந்த நாட்டில் இருந்துகொண்டு அப்படி நம்பினார். எனக்குச் சிரிப்பும் வரும், பயமாகவும் இருக்கும்.

அவர் தங்கியிருந்த போர்டிங் வீட்டுக் கதையைத் தொழிற்சாலையில் தெரியாதவர்கள் இல்லை. சித்திரை வருசப் பிறப்புக்கு முந்திய வாரம் வீட்டுக்காரம்மாவையும் போர்டிங்காரர்களையும் கூப்பிட்டு வைத்துப் பேசியிருக்கிறார். எல்லாரும் சுபநேரத்துக்குள் மருத்துநீர் வைத்துக் குளிக்கப் போனால் மேல்தாங்கி வற்றிவிடும், ஆகவே முறை வைத்துக் குளிப்போம் என்றாராம். எல்லாரும் நல்ல யோசனை என்றார்கள். வருசத்தன்று சுபநேரம் பிறந்ததும் ஒருவர் பாக்கியில்லாமல் குளித்தார்கள். குழாய் வறண்டது. தலையில் மருத்துநீரும் கையில் சவர்க்காரமுமாக நின்றது சேர் ஒருவர்தான். தெரிந்திருந்தும் நீங்களாவது முதலில் போயிருக்கலாமே என்று கேட்டேன். முறைப்படி அவருடைய இடம் கடைசியாம். போட்டவரே முறையைக் குழப்பலாமா என்று என்னிடமே திருப்பிக் கேட்டார்.

தோல் கொண்டுவருகிறவர்களில் பெரியவர் அக்குறணை மஃரூப் நானா. சேருக்கும் அவருக்கும் இடையில் ஒரு தினுசான சிநேகம். சேர் லீவு நாளில் அக்குறணைக்குப் போய் நானாவின் வீட்டில் குந்திக்கொண்டு, மழை பெய்தால் எந்தப் பாதை, எந்த மடுவத்தில் எந்தக் கிழமை என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நானா பதில் சொல்லிச் சொல்லிக் களைத்து, கடைசியில் சாப்பாட்டுத் தட்டை முன்னால் தள்ளிவிடுவாராம். ஒருநாள் நானா தொழிற்சாலைக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், ஓட்டத்தை முழுக்கப் பார்த்தார். பார்த்துவிட்டு, "தம்பி, இதெல்லாம் சரி. ஒங்கட பொட்டிக்கு ஒங்கட மெனேஜர தெரியுமா?" என்றார். சேர் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குத் தோல் மடுவத்திலிருந்து வராது. குர்பான் கொடுத்தவர்கள் தோலைப் பள்ளிவாசலுக்கோ மதரசாவுக்கோ தர்மமாகக் கொடுத்துவிடுவார்கள். நானா பள்ளி பள்ளியாகப் போய் வாங்கி ஏற்றி வருவார். வருசத்தில் வேறு எந்த நாளும் வராத அளவுக்குத் தோல் ஒரே பின்னேரத்தில் வந்து குவியும். சேர் ஓட்டத்தில் பெருநாளையும் சேர்த்தார், நாடே லீவு எடுக்கிற போயா நாட்களையும் சேர்த்தார். சேர்க்கும்போதுதான் ஒன்றைக் கவனித்தார். பிறை பத்தில் ஹஜ்ஜு. அதே பிறை வளர்ந்து முழுநிலவானால் போயா. ஆகவே ஹஜ்ஜுக்கு நாலைந்து நாள் பின்னால் எப்போதும் ஒரு போயா நின்றுகொண்டிருக்கும். எந்தப் போயா என்பதுதான் சில வருசங்களுக்கு ஒருமுறை மாறும். வரப்போகிற ஹஜ்ஜுக்குப் பின்னால் நின்றது வெசாக், புத்தர் பிறந்த போயா, எல்லாவற்றிலும் பெரியது.

அந்த ஓட்டத்தை எனக்கும் காட்டினார். பெருநாள் அன்று புள்ளிகள் கொட்டகைக் கட்டத்துக்குள் அடைந்தன. உப்பு முடிந்தது. லொறிக் கட்டம் இடத்தை விட்டு அசையவில்லை. வெசாக்குக்கு மடுவமும் பூட்டு, பதனிடும் இடமும் பூட்டு, சாரதியும் லீவு. புள்ளிகள் மூலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பெருக்கல் குறியாகத் தொடங்கின. சேர் ஏதோ விசையைத் தட்டி மறுபடி ஓட்டினார். இந்தத் தடவை பெருநாள் முடிந்த மறுநாளே லொறி ஒரு நடை கூடுதலாகப் போனது. உப்பேறிய தோலைக் கொண்டுபோய் இடம் உண்டாக்கி, உப்போடு திரும்பியது. ஒரு பெருக்கல் குறிகூட இல்லை. ஒரே ஒரு நடைதான். இது பிசகினால் கொழும்புக்குக் கொட்டகையை மூடச் சாட்டுக் கிடைக்கும் என்பதும் அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

மெனேஜர் மாத்தயா கெட்டவர் அல்ல. கூட்டத்தில் அந்த ஓட்டத்தைப் பார்த்து, ஷோக், ஷோக் என்று மெச்சி, சேரின் முதுகில் தட்டினார். கூடுதல் நடைக்குச் சரி என்றார். போக்குவரத்துப் பொறுப்பாளர் சரி என்றார். சாரதி சிரிபாலகூடத் தலையாட்டினார். சேர் அன்றைக்கு எனக்கும் பியோன்மாருக்கும் கன்டீனில் வடை வாங்கிக் கொடுத்தார். அத்தனை பேர் கண்டுவிட்டார்களே, இனி எப்படி நடக்கும்?

பெருநாளும் வந்தது. நானாவின் ஆட்கள் தோலைக் கொண்டுவந்து கொட்டினார்கள். பாக்கியம் அக்காவும் மற்றப் பெண்களும் இடுப்பு ஒடிய உப்புத் தேய்த்தார்கள். மறுநாள் காலை நான் தொழிற்சாலை வாசலில் நுழைந்தபோது லொறி முற்றத்தில் நின்றது. சிரிபால அதைக் கழுவிக்கொண்டிருந்தார்.

தொழிற்சாலையின் நலன்புரிச் சங்கம் அந்த வெசாக்குக்கு வாசலில் சோற்றுத் தன்சல் போடுவதாகத் தீர்மானித்திருந்தது. போகிற வருகிறவர்களை மறித்து இலவசமாகச் சாப்பாடு கொடுக்கிற புண்ணிய காரியம். அரிசி, விறகு, கறிக்குப் பொலொஸ் என்கிற பலாப் பிஞ்சு எல்லாம் கொண்டுவர லொறி வேண்டும். இருந்ததோ ஒரே லொறி. தோல் ஏற்றுகிற லொறியில் தானத்துக்கு அரிசி ஏற்றலாமா? ஆகவே அதை நாள் கணக்கில் கழுவினார்கள். தேசிக்காய்த் தண்ணீர், மஞ்சள் தண்ணீர், சாம்பிராணிப் புகை. பிறகு வெயிலில் காய விட்டார்கள். சிரிபால வெள்ளைத் துணி உடுத்திக்கொண்டு பலகைக்குப் பலகை தேய்த்தார். அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அவரிடம் கோபப்படக்கூட முடியவில்லை. அந்த மனிதர் வருசமெல்லாம் இரத்தமும் உப்பும் சுமந்த வண்டியை ஒரு வாரமாவது சுத்தமாகப் பார்க்க ஆசைப்பட்டார்.

சேர் மெனேஜரிடம் போனார். கூடுதல் நடையை மெனேஜர் மறக்கவில்லையாம். வெசாக் கழியட்டும், நாலைந்து நாள்தானே என்று சேரின் தோளில் கைபோட்டுச் சொன்னாராம். சேர் வாடகை லொறி தேடினார். வெசாக் வாரத்தில் மாட்டுத் தோல் ஏற்ற எவரும் சம்மதிக்கவில்லை. நானாவின் சிறிய வண்டி மாவனல்லையில் அச்சு முறிந்து நின்றது. கொழும்புக் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. நான் மாலையில் கொட்டகைக்குப் போய்ப் பார்த்து, காலையில் வந்து சேரிடம் சொல்வேன். உப்பு மூட்டைகளின் அடி தெரிகிறது என்றேன் ஒருநாள். பெண்கள் பழைய உப்பை உதறி எடுத்து மறுபடி தூவுகிறார்கள் என்றேன் அடுத்த நாள். அவர் ஒவ்வொன்றுக்கும், "ஓம், அப்பிடித்தான் வரும்" என்றார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தெரிந்தால் மட்டும் என்ன, தெரிந்தால் மட்டும் என்ன என்று கத்த வேண்டும் போலிருந்தது.

வெசாக் அன்று தன்சலுக்கு எல்லாரும் போனோம். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. தமிழர், சிங்களவர், முஸ்லிம் எல்லாரும் வெங்காயம் உரித்தோம். பொடியன்கள் நடுவீதியில் கொடியைப் பிடித்து பஸ்களை மறித்து, இறங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று கெஞ்சினார்கள். கண்டிக்கு வெளிச்சத் தோரணம் பார்க்கப் போகிற சனம் குடும்பம் குடும்பமாக இறங்கியது. தாமரைப் பூவும் காகித வெசாக் கூடுகளும் கட்டி, கலியாண வீட்டு வண்டி மாதிரி லொறி ஓரத்தில் நின்றது. சேரின் கையில் சோற்றகப்பை. வரிசையில் வருகிற ஒவ்வொருவருக்கும் அகப்பையை வைத்துவிட்டு இரண்டு கையாலும் மரியாதையாகத் தட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நான் பக்கத்தில் போய், "சேர், பேசாம கம்பளைக்காச்சும் போவோங்க" என்றேன்.

"போய் என்ன செய்யிறது பிள்ளை? இப்ப அடியில கிடக்கிற தோலெல்லாம் சூடேறத் துவங்கியிருக்கும். கையை வைச்சால் சுடும்." வழக்கம்போல என் முகத்தைப் பார்க்காமல், எனக்குப் பின்னால் எதையோ பார்த்தபடி சொன்னார். "நாளைக்கு மயிர் கழரும்."

பிறகு அடுத்த ஆளுக்குத் தட்டை நீட்டினார். ஒரு கைக்குழந்தைக்காரி. குழந்தைக்கும் கொஞ்சம் சோறு தனியாக வைத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை கம்பளையில் வீட்டுப் படி இறங்கும்போதே வாடை வந்தது. கொட்டகையில் பெண்கள் தோலைத் தூக்கிப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிடித்த இடத்தில் மயிர் கொத்தாகக் கையோடு வந்தது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு நானும் ஒரு ஓரத்தைப் பிடித்தேன். டவுன்காரர்கள் வந்து சத்தம் போட்டார்கள். கெட்ட தோலைக் கொட்டகைச் சனம் ஆற்றங்கரையில் குழி வெட்டிப் புதைத்தது. சேர் கேள்விப்பட்டு பஸ்ஸில் வந்து குழியருகே நின்றார். கெட்ட தோல் எவ்வளவு என்று கேட்டு, ஓட்டத்தில் வந்த அளவோடு மனதுக்குள் ஒத்துப் பார்த்தார். கிட்டத்தட்டச் சரி. சரியாகச் சொன்னதற்காக ஒரு மனிதர் அப்படி வெட்கப்பட்டு நின்றதை நான் அதன் பிறகு எங்கேயும் பார்க்கவில்லை.

கொழும்பிலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். தோல் கெட்டது கொட்டகையின் கவனக்குறைவு என்று முடிவாகியிருந்தது. சேர் பிழை எங்கே என்று விளக்க, அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு கொட்டகையை எடுத்துவிட்டுக் கப்பல் தோலை வைத்து ஒரு ஓட்டம் ஓட்டி நாளைக்குக் காட்டச் சொன்னார்கள். அன்று மாலை நான் ரயிலையும் விட்டுவிட்டுக் கண்ணாடி அறை வாசலில் செருப்பைக் கழற்றினேன்.

"சேர், கப்பலு பிந்துற மாதிரி, நாலு பெருக்கல் குறிய கூடப் போட்டா என்னங்க? யாருக்குத் தெரியப் போகுது?"

அவர் கோபப்படவில்லை. "பொய்யை ஓட விட்டால், பேந்து எதைக் காட்டி ஆரைத் திருத்திறது?" என்றார். பிறகு, "பயப்பிடாதையும். கொட்டகையை எடுத்தால் என்னென்ன நடக்கும் எண்டதையும் சேத்துத்தான் காட்டுவன். கண்டால் செய்யமாட்டினம்" என்றார்.

காட்டினார். துறைமுகத்தில் வேலைநிறுத்தம் வந்தால் தொழிற்சாலை எப்படிப் படுத்துவிடும் என்று காட்டினார். கப்பல் பிந்தினால் என்ன என்று காட்டினார். நானா போன்றவர்கள் தோலை ஆற்றில் எறிவதைத் தவிர வழியில்லை என்று சொன்னார். அவர்கள் பார்த்ததெல்லாம் முதலில் ஓடிய கப்பல் ஓட்டத்தைத்தான். சில கட்டங்கள், நேரான ஒரு கோடு, ஒரு பெருக்கல் குறியும் இல்லை. எவ்வளவு அழகாக இருக்கிறது என்று அவர்களில் ஒருவர் மெய்யாகவே சந்தோஷப்பட்டுச் சொன்னார். அந்த மாதமே உத்தரவு வந்தது. சேர் அத்தனை வருசம் ஓட்டிக் காட்டிய ஓட்டங்களில் மேலிடம் பார்த்து, நம்பி, சொன்ன நேரத்துக்குச் செய்து முடித்தது அந்த ஒன்றைத்தான். கண்டவர்கள் செய்வார்கள் என்பது பொய்யில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அது விளங்காமலே இருந்திருக்கலாம்.

சேர் அதற்குப் பிறகு அதிக காலம் அங்கே இருக்கவில்லை. அவுஸ்திரேலியாவில் தமக்கையிடம் போய்விட்டதாகக் கேள்வி. அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளர் வரிசையை ஓட்டிப் பார்க்கிற வேலை என்று யாரோ சொன்னார்கள். அங்கேயாவது பார்த்தவர்கள் கேட்கிறார்களா தெரியவில்லை. அவரை நினைக்கும்போது எனக்கு ஞாபகம் வருவது அவர் போன நாள் அல்ல. கொட்டகைப் பெண்கள் தொழிற்சாலைக்கு வந்த நாள்.

கொட்டகைச் சாவியையும் கத்திகளையும் ரப்பர் ஏப்ரன்களையும் ஒப்படைக்க வந்தார்கள். ஸ்டோர்ஸில் நான்தான் வாங்கி வைத்தேன். பாக்கியம் அக்கா போகாமல் நின்றார். ஐயாவின் பொட்டியைப் பார்க்க வேண்டும் என்றார். எத்தனை நாளாகச் சொல்கிறாய், ஒருநாளாவது கண்ணால் பார்த்துவிட்டுப் போகிறோமே என்றார். சேரிடம் சொன்னேன். அவரே வெளியில் வந்து கூட்டிக்கொண்டு போனார். எங்கள் மேல் வாடை அடிக்குமே, அந்த அறை கெட்டுப்போகாதா என்று ஒருத்தி தயங்கினாள். வாருங்கோ, வாருங்கோ என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார் சேர். செருப்புகளை வெளியில் வரிசையாக விட்டுவிட்டு, சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போனார்கள். குளிரில் ஒருத்தியை ஒருத்தி ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

சேர் பழைய ஓட்டத்தை ஓட விட்டார். கம்பளை இதுதான் என்று விரலால் தொட்டுக் காட்டினார். அந்தா நம்ம கொட்டக என்று ஒருத்தி சிரித்தாள். புள்ளிகள் உள்ளே வந்து, உப்பேறி, வெளியே போவதை வாய் மூடாமல் பார்த்தார்கள். தாங்கள் இவ்வளவு வேலை செய்தோமா என்று அவர்களுக்கே ஆச்சரியம்.

"மூடினதுக்கு அப்புறம் ஒண்ணு ஓட்டுனீங்களாமே ஐயா. அதையும் காட்டுங்க" என்றார் பாக்கியம் அக்கா.

சேர் என்னைப் பார்த்தார். சுவரை அல்ல, என்னை. பிறகு விசையைத் தட்டினார். கப்பல், துறைமுகம், தொழிற்சாலை. புள்ளிகள் நேர்கோட்டில் பிசகில்லாமல் போய்க்கொண்டிருந்தன. பாக்கியம் அக்கா திரைக்குக் கிட்டப் போய் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை பார்த்தார்.

"இதுல நாங்க எங்க இருக்கோம் ஐயா?"

"இதில... நீங்கள் இல்லையம்மா."

"சரிங்க. கொட்டகைதான் இல்ல. நாங்க எங்கயாச்சும் இருப்போம்ல?"

குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். முன்கூட்டியே எல்லாம் தெரிகிற பெட்டி என்று நான்தான் அவருக்கு அத்தனை காலமும் சொல்லி வைத்திருந்தேன்.

சேர் ஓட்டத்தை நிறுத்தினார். விசைகளைத் தட்டி, திரையின் கீழ் மூலையில் புதிதாக ஒரு கட்டம் போட்டார். மெய்யாக இல்லாத ஒன்றை அவர் திரையில் போட்டதை அன்றுதான் பார்த்தேன். கட்டத்துக்கு ஒரு வழி காட்ட வேண்டும். எங்கிருந்து எங்கே என்று அம்புக்குறி வேண்டும். எங்கே போவதாக யோசித்திருக்கிறீர்கள் என்று அவர்களைக் கேட்டார். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தெரியலீங்க என்றாள் ஒருத்தி. அவர் அப்படியே ஓட விட்டுப் பார்த்தார். வழியில்லாத கட்டத்தை அந்தப் பெட்டி ஏற்காது. கீச்சென்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. அவர் வேறு ஏதோ தட்டி மறுபடி ஓட விட்டார். மறுபடி அதே சத்தம்.

பாக்கியம் அக்கா கதிரையின் முதுகைத் தொட்டார். அவரைத் தொடவில்லை, கதிரையைத்தான்.

"விடுங்க ஐயா. அது என்ன பண்ணும், பாவம்."

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. வெளியே வந்து எல்லாரும் அவரவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டோம். சேர் எங்களோடு எழுந்து வரவில்லை. கண்ணாடிக்கு உள்ளே அந்தச் சத்தம் இன்னொரு தடவை கேட்டது.